கோட்டையை ஒப்படைத்தவர்களுக்கு என்ன ஆனது?

போன மே லீவில் குடும்பத்தோடு சத்தியமங்கலம், திம்பம் வழியாக மைசூர் போய்விட்டுத் திரும்பும்போது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறங்கினோம். ஈரோட்டில் இருந்து மைசூர் போகிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். கோட்டைக்குள்ளே, காவிரிக்குப் பக்கத்தில், கர்னல் பெய்லி டஞ்சன் என்று ஒரு நிலவறை இருக்கிறது. படி இறங்கினால் வெள்ளையடித்த சுவர், வளைவு வளைவாகக் கூரை, சுவரோரம் வரிசையாகக் கல் பலகைகள். கைதிகளைச் சங்கிலியில் கட்டிவைக்க அந்தக் கல்லில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். அக்கா மகன் எட்டாவது படிக்கிறான். அவன் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “ஏனுங் மாமா, இவீங்க சண்டைல புடிபட்டவங்களா, இல்ல தானா வந்து சரணடைஞ்சவங்களா?”

“சரணடைஞ்சவங்கதான் கண்ணு” என்றேன்.

“சரணடைஞ்சா ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு தானுங்க சொல்லுவாங்க?”

அப்போது அவனுக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பெய்லி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரி, 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதர் அலி படையிடம் தோற்றுச் சரணடைந்தவர், 1782இல் கைதியாகவே செத்துப்போனார் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் அந்த ஊர்ச் சிறைகளுக்குப் போனவர்களில் நம்ம ஊர்க் கோட்டைகளில் இருந்து போனவர்களும் உண்டு. ஈரோடு, காவேரிபுரம், கோயமுத்தூர் என்று மூன்று இடத்திலும் “உயிருக்கும் உடைமைக்கும் பாதகமில்லை, உங்கள் ஊருக்குப் போகலாம்” என்கிற மாதிரி வாக்கை நம்பி வெளியே வந்தவர்கள் அவர்கள். அவன் கேட்ட கேள்விக்குப் பதில் இந்த மூன்று ஊரிலேயே இருக்கிறது, அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பார்த்துவிடலாம். பரோல் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது கோவை மத்திய சிறையில் இருந்து மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் வெளியே வருகிற ஆயுள் கைதிதான். அந்தச் சொல் பிறந்தது போர்க்களத்தில். பிரெஞ்சு மொழியில் அதற்கு அர்த்தமே ‘சொல்’, அதாவது வாக்கு. தோற்ற படையின் அதிகாரி, “இந்தப் போர் முடிகிற வரை உங்களுக்கு எதிராக ஆயுதம் எடுக்க மாட்டேன்” என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிற மாதிரி வாக்குக் கொடுப்பார், ஜெயித்தவர் அவரை விட்டுவிடுவார். ஜெயித்தவருக்கும் இதில் லாபம் இருந்தது. ஐநூறு பேரைப் பிடித்து வைத்துக்கொண்டால் சோறு போட வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும், அடுத்த ஊருக்குப் படை நகர்வது தாமதமாகும். வாக்கை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டால் அந்தச் சுமை இல்லை. உள்ளே இருப்பவனுக்கும் உயிர் மிஞ்சும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் கோட்டைக் கதவைத் திறப்பான். அந்த நம்பிக்கை போய்விட்டால் கடைசித் தோட்டா வரை சுடுவான், இரண்டு பக்கமும் பிணம் விழும்.

சரி, ஈரோட்டுக்கு வருவோம். 1768 கடைசியில் ஹைதர் அலி கொங்கு நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இருந்து வேகவேகமாகத் திரும்பப் பிடித்துக்கொண்டு வருகிறார். கரூர்ப் பக்கம் கேப்டன் நிக்ஸன் என்பவரின் சிறு படை அவர் கையில் சிக்கி நாசமாகிவிட்டது. ஈரோட்டுக் கோட்டையில் கேப்டன் ஆர்ட்டன் இருக்கிறார். பேச்சுவார்த்தைக்கு வாருங்கள், பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன் என்று ஹைதர் ஆள் அனுப்ப, ஆர்ட்டன் நம்பி அவர் கூடாரத்துக்கே போய்விடுகிறார். அங்கே போன பிறகுதான் ஒரு விஷயம் தெரியவருகிறது. கோட்டைக்குள் ஆர்ட்டனுக்கு அடுத்த இடத்தில் இருந்த கேப்டன் ராபின்சன், அதற்கு முந்தின வருஷம் வாணியம்பாடியில் ஹைதரிடம் சரணடைந்து, இந்தப் போரில் இனி ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று பரோல் கொடுத்து விடுதலையானவர். கொடுத்த வாக்கை மீறி இங்கே ஈரோட்டில் மறுபடி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஹைதர் சொன்னது இதுதான்: நீங்கள் வாக்கை மீறினீர்கள், இனி என் வாக்கும் என்னைக் கட்டாது. ஆர்ட்டனைக் கொண்டே கோட்டையை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு எழுத வைத்தார், ராபின்சனும் அதை ஏற்று ஒப்படைத்தார், மொத்தப் பேரும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கைதிகளாகப் போனார்கள். இப்போது மேட்டூர்ப் பக்கம் இருக்கிற காவேரிபுரத்தில் கேப்டன் ஃபெய்ஸன் நன்றாகவே போரிட்டுவிட்டு, விடுதலை செய்வோம் என்ற நிபந்தனையின் பேரில் கோட்டையைக் கொடுத்தார். அவர்களுக்கும் அதே கதிதான். அடுத்த வருஷம் ஏப்ரலில் சென்னையில் உடன்படிக்கை ஆன பிறகுதான் கைதிகள் விஷயம் தீர்ந்தது.

இந்தக் கதையெல்லாம் நமக்குக் கிடைப்பது ஆங்கிலேயர் எழுதிவைத்ததில் இருந்துதான். ஹைதரையும் டிப்புவையும் எவ்வளவு கறுப்பாகக் காட்ட முடியுமோ அவ்வளவு காட்ட அவர்களுக்குக் காரணம் இருந்தது, அதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் ராபின்சன் வாக்கை மீறியதை அவர்களே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் ஈரோட்டுக் கதையை நான் நம்புகிறேன்.

எனக்கு இதில் வயிற்றைப் பிசைவது வேறொன்று. சத்தியம் செய்து மீறியவர் ஒரு கேப்டன். அவரைத் திரும்ப வேலைக்கு வைத்தது கம்பெனி. விலை கொடுத்தது கோட்டைக்குள் இருந்த எல்லாரும். பெயர் தெரியாத சிப்பாய்கள், ராபின்சன் வாணியம்பாடியில் என்ன சத்தியம் செய்தார் என்பதே தெரியாதவர்கள். ஈரோட்டில் கோட்டை ஈஸ்வரன் கோயில் இருக்கிறது, கோட்டைப் பெருமாள் கோயில் இருக்கிறது, கோட்டையைத்தான் காணோம். 1877 பஞ்சத்தில், பசிக்கு வேலை கொடுக்கிற நிவாரணப் பணியாக அந்த மண் கோட்டையை இடித்துச் சமன் செய்துவிட்டார்கள். அந்தத் தெருவில் தினமும் நடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்?

பிற்காலத்தில் போர்ச் சட்டம் எழுத உட்கார்ந்தவர்கள் ஈரோட்டை மனதில் வைத்து எழுதவில்லை. ஆனால் போரை எப்படி நடத்த வேண்டும் என்று நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட 1907 ஹேக் விதிகளைப் படிக்கும்போது ஈரோட்டுக்காகவே எழுதினது மாதிரி இருக்கும். பரோலில் விடுதலையான ஒருவரை, அவர் கொடுத்த வாக்குக்கு மாறான எந்த வேலைக்கும் அவருடைய சொந்த அரசாங்கமே கூப்பிடக் கூடாது, அவராக வந்தாலும் ஏற்கக் கூடாது. வாக்கை மீறி ஆயுதத்தோடு மறுபடி பிடிபட்டால் போர்க்கைதி என்ற உரிமை போய்விடும், ஆனால் போவது அந்த ஆளுக்கு மட்டும். 1929 ஜெனீவா உடன்படிக்கை இன்னொரு படி மேலே போய், எதிரி செய்த தப்புக்குப் பழிவாங்கக் கைதிகளின் மேல் கைவைக்கக் கூடாது என்று நேராகவே சொல்லிவிட்டது. ராபின்சனைத் தண்டிக்கலாம், அவர் பக்கத்தில் நின்ற சிப்பாயைத் தொடக் கூடாது. இந்த ஒரு விதி வருவதற்கு ஈரோட்டில் இருந்து 161 வருஷம் ஆகியிருக்கிறது.

வாக்கு காப்பாற்றப்பட்ட கதையும் நம்மிடம் உண்டு. 1790 அக்டோபரில் ஹைதரின் மகன் டிப்பு தாராபுரத்தை முற்றுகையிட்டபோது கோட்டையில் பீரங்கியே இல்லை, உள்ளே இருந்தவர்கள் நிபந்தனை பேசிக் கொடுத்துவிட்டார்கள். அந்த நிபந்தனைகளை டிப்பு மதித்தார் என்று ஆங்கிலேயரே எழுதியிருக்கிறார்கள். அதே ராஜா, அடுத்த வருஷமே கோயமுத்தூரில் வேறு மாதிரி நடந்துகொண்டார்.

கோயமுத்தூர்க் கதை பெரிய கதை. 1791இல் கம்பெனியின் பெரும்படை மைசூர்ப் பக்கம் போயிருந்த நேரம். கோட்டை பலவீனமானது, தாங்காது என்று நினைத்து நல்ல பீரங்கிகளை ஏற்கெனவே பாலக்காட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். லெப்டினன்ட் சாமர்ஸ் என்ற இளம் அதிகாரியை டோப்பாஸ் எனப்படும் போர்ச்சுகீசிய வழிக் கலப்பினச் சிப்பாய்கள் கொஞ்சம் பேரோடும் திருவிதாங்கூர்ப் படையாட்கள் கொஞ்சம் பேரோடும் அங்கே விட்டுவைத்தார்கள். ஜூனில் வந்த முதல் முற்றுகையை, ஆகஸ்டில் நடந்த பெரிய தாக்குதல் உட்பட, இந்தச் சின்னக் கூட்டம் சமாளித்துவிட்டது. அக்டோபரில் டிப்புவின் தளபதி கமருதீன் கான் பல ஆயிரம் பேரோடும் நல்ல பீரங்கிகளோடும் வந்து இறங்கினார். இந்தத் தடவை உள்ளே எழுநூறு பேர் போல இருந்தார்கள், லெப்டினன்ட் நாஷ் என்பவரும் வந்து சேர்ந்திருந்தார்.

பாலக்காட்டில் இருந்து மேஜர் கப்பேஜ் உதவிக்குக் கிளம்பி வந்தார். மதுக்கரை வரை வந்துவிட்டார். மதுக்கரை எங்கே இருக்கிறது என்று கோவைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உக்கடத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது. கோட்டைக்குள் இருந்தவர்கள் மேற்கே தூசு கிளம்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள். ஆனால் கமருதீன் தன் படையைச் சுற்றி நகர்த்தி, பாலக்காட்டுக்கும் கப்பேஜுக்கும் நடுவில் புகப்போகிற மாதிரி காட்ட, கப்பேஜ் பாலக்காட்டைக் காப்பாற்றத் திரும்பிப் போய்விட்டார். அப்புறம் உள்ளே வெடிமருந்து தீர்ந்துகொண்டே வருகிறது, சுவர் உடைந்து வழி ஆகிவிட்டது, சாமர்ஸுக்கும் காயம், நாஷுக்கும் காயம். நவம்பர் தொடக்கத்தில் நிபந்தனை பேசிக் கோட்டையைக் கொடுத்தார்கள். சொந்த உடைமைகளோடு பாலக்காட்டுக்குப் போகலாம் என்பது கமருதீன் கொடுத்த வாக்கு.

போக விடவில்லை. எங்கள் அரசர் ஒப்புதல் கொடுக்க வேண்டும், அது வரட்டும் என்று நாள் கணக்காகக் கோயமுத்தூரிலேயே நிறுத்திவைத்தார்கள். பிறகு மேற்கே வாளையாறு தாண்டிப் போக வேண்டியவர்களை வடக்கே மலை ஏற்றி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கைதிகளாகக் கொண்டுபோனார்கள். விடுதலை செய்யும்படி சிபாரிசு செய்கிறேன் என்றுதான் கமருதீன் சொன்னார், அதற்கு மேல் வாக்குக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை என்பது டிப்பு தரப்பின் பதில். 1792 பிப்ரவரியில் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்து வாசலிலேயே வந்து உட்கார்ந்த பிறகு, டிப்பு அதே சாமர்ஸையும் நாஷையும் வெளியே அழைத்து, கையில் சமாதானக் கடிதத்தைக் கொடுத்து அனுப்பினார். அடுத்து வந்த சமாதான நிபந்தனைகளில், ஹைதர் காலத்தில் இருந்து பிடித்து வைத்திருக்கிற எல்லாக் கைதிகளையும் விட வேண்டும் என்பதும் ஒன்று. ஹைதர் காலத்தில் இருந்து என்றால் பத்து வருஷத்துக்கு மேல் உள்ளேயே கிடந்தவர்களும் இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

‘ஒப்புதல் வரவில்லை’ என்கிற இந்த வார்த்தையைக் கவனியுங்கள். இதற்காகவும் பின்னால் விதி எழுத வேண்டி வந்தது. சரணடையும் நிபந்தனைகளில் கையெழுத்தாகிவிட்டால் இரு தரப்பும் அதை அப்பழுக்கில்லாமல் காப்பாற்ற வேண்டும் என்கிறது ஹேக். கைதி என்பவன் அவனைப் பிடித்த தளபதியின் கையிலோ பட்டாளத்தின் கையிலோ இல்லை, அந்த நாட்டு அரசின் கையில் இருக்கிறான், அவனுக்கு நடப்பதற்கெல்லாம் அந்த அரசே பொறுப்பு என்கிறது 1949 ஜெனீவா. அதாவது கமருதீன் சொன்னார், டிப்பு சொல்லவில்லை என்று இனி யாரும் நழுவ முடியாது.

ஆனால் அதற்கு நடுவிலேயே அந்தச் சாக்கு இன்னொரு தடவை, மிகப் பெரிய அளவில் வந்துவிட்டது. 1929 ஜெனீவா உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்துப் போட்டது, ஆனால் ஒப்புதல் அளிக்கவில்லை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தபோது பல்லாயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் உட்படப் பெரும் படையே ஜப்பானியர் கையில். தேவையான மாற்றங்களோடு உடன்படிக்கையைப் பின்பற்றுவோம் என்று ஜப்பான் சொல்லியிருந்தது. என்ன மாற்றம் என்பதை சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்கப் போட்ட சயாம் ரயில் பாதையில் பார்த்தோம். 415 கிலோமீட்டர் பாதைக்கு அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகளை வேலை வாங்கினார்கள், பன்னிரண்டாயிரத்துக்கு மேல் செத்தார்கள். அவர்களுக்காவது ராணுவ எண் இருந்தது, போர் முடிந்ததும் தேடி எடுத்துக் கல்லறை கட்டிப் பெயர் வெட்டினார்கள். மலாயா ரப்பர்த் தோட்டங்களில் இருந்து அதே பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழ்க் கூலிகள் போர்க்கைதி என்ற கணக்கிலேயே வரவில்லை. பன்னிரண்டாயிரத்தைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அங்கே செத்தார்கள், எத்தனை என்று இன்றுவரை மதிப்பீடுதான் இருக்கிறது, பெயர்ப் பட்டியல் இல்லை.

ஜெயித்த நேச நாடுகளும் 1945இல் சுத்தமாக நடந்துகொள்ளவில்லை. அவர்கள் செய்தது பெயரை மாற்றியது. போர்க்கைதி என்று சொன்னால் ஜெனீவா விதிப்படி தங்கள் சிப்பாய்க்கு ஈடாகச் சோறு போட வேண்டும், போர் முடிந்ததும் சீக்கிரம் ஊருக்கு அனுப்ப வேண்டும். அதனால் ஜெர்மன்காரர்களை ‘ஆயுதம் களையப்பட்ட எதிரிப் படையினர்’ என்றார்கள், ஜப்பானியரை ‘சரணடைந்த படையினர்’ என்றார்கள். 1929 உடன்படிக்கையில் ‘எதிரியால் பிடிபட்டவர்’ என்று இருந்தது. இவர்கள் பிடிபடவில்லையே, மொத்தமாகச் சரணடைந்தவர்கள் ஆயிற்றே என்பது வாதம். அந்தப் பெயரில் தென்கிழக்கு ஆசியாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியரை பிரிட்டிஷார் 1947 வரை வேலைக்கு நிறுத்திவைத்தார்கள். தோற்றவன் என்ன கொடுமை செய்தவனாக இருந்தாலும், இந்த வார்த்தை விளையாட்டு தப்புதான். 1949இல் உட்கார்ந்து திருத்தியபோது ‘பிடிபட்டவர்’ என்பதை எடுத்துவிட்டு ‘எதிரியின் வசம் வந்தவர்’ என்று மாற்றினார்கள். பிடித்தாயோ, தானாக வந்தானோ, உன் கையில் இருந்தால் அவன் போர்க்கைதி. அக்கா மகன் டஞ்சனில் நின்று கேட்ட கேள்விக்குச் சட்டத்தின் பதில் இந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

1971 டிசம்பர் 16 டாக்காவில் பாகிஸ்தான் படை இந்தியாவிடம் சரணடைந்தபோது கையெழுத்தான பத்திரத்திலேயே, சரணடைகிறவர்கள் ஜெனீவா விதிப்படி மரியாதையோடு நடத்தப்படுவார்கள் என்று எழுதியிருந்தது. ஏறத்தாழ 93,000 பேர், அதில் குடிமக்களும் உண்டு. இந்தியா அவர்களைப் பழிவாங்கவில்லை, அதில் நமக்குப் பெருமை இருக்கிறது. ஆனால் சண்டை ஓய்ந்ததும் தாமதமில்லாமல் அனுப்ப வேண்டும் என்பதும் அதே விதிதான், கடைசி ஆள் ஊர் போய்ச் சேர 1974 ஏப்ரல் ஆகிவிட்டது. போர்க்குற்ற விசாரணை, வங்கதேசத்தை அங்கீகரிப்பது என்று அரசியல் பேரம் நடந்த காலமெல்லாம் அவர்கள் முள்வேலிக்குள் காத்திருந்தார்கள்.

இவ்வளவு ஓட்டையை அடைத்த பிறகும் அடைபடாத ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதுவும் எங்கள் பக்கத்துக் கதைதான். அரச்சலூருக்குப் பக்கத்தில் ஓடாநிலை. தீரன் சின்னமலை கோட்டை கட்டி நின்ற இடம். டிப்பு பக்கம் நின்று கம்பெனியை எதிர்த்தவர். டிப்பு இருக்கும்போது டிப்புவின் படையாளாகப் பிடிபட்டிருந்தால் அவர் போர்க்கைதி, ஒரு உடன்படிக்கையில் வெளியே வந்திருப்பார். 1799இல் டிப்பு விழுந்த பிறகு, பின்னால் ஒரு அரசு இல்லை. அதே ஆள், அதே வாள், ஆனால் கம்பெனியின் கணக்கில் கலகக்காரர். 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கில் போட்டார்கள். ஆடிப் பதினெட்டுக்கு இன்றும் சனம் அங்கே மலை ஏறுகிறது. இன்றைய சட்டத்திலும் இந்த வித்தியாசம் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு நாடுகளுக்கு நடுவில் போர் என்றால் 1949 ஜெனீவா போர்க்கைதி உடன்படிக்கையின் 143 விதிகள் காப்பாற்றும். ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கிற போர் என்றால் போர்க்கைதி என்ற தகுதியே கிடையாது. ஆயுதத்தைக் கீழே வைத்தவரைக் கொல்லாதே, வதைக்காதே, அவமானப்படுத்தாதே என்று சொல்கிற ஒரு பொது விதி மட்டும்தான் அந்த உடன்படிக்கையில் மிச்சம்.

அதே அரச்சலூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது, பவானிசாகரிலும் இருக்கிறது. இலங்கைப் போர் முடிந்த 2009 மே மாதம் பற்றி அங்கே பேச்சு வந்தால் வட்டுவாகல் பாலம் வரும். முள்ளிவாய்க்காலில் இருந்து நடந்து வந்து, பெற்றவர்களும் மனைவிமாரும் தங்கள் கையாலேயே ராணுவத்திடம் ஒப்படைத்த ஆட்கள், பஸ்ஸில் ஏற்றப்பட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள், அதற்கு மேல் ஒன்றும் தெரியாதவர்கள்.

ஜெனீவா உடன்படிக்கையில் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு பகுதி இருக்கிறது. கைதி முகாமுக்கு வந்து ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு ஒரு அட்டை எழுத அனுமதிக்க வேண்டும். போர் தொடங்கியதுமே ஒவ்வொரு நாடும் ஒரு தகவல் அலுவலகம் திறக்க வேண்டும், கையில் இருப்பவர்களின் பெயர், எண், உடல்நிலை, இடமாற்றம், சாவு எல்லாவற்றையும் எழுதிவைத்து மறுபக்கத்துக்குச் சொல்ல வேண்டும். சோறு, மருந்து எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பெயர் ஒரு தாளில் ஏறி, அந்தத் தாள் வெளியே போய்விட்டால், அந்த ஆளை இல்லாமல் ஆக்குவது கஷ்டம். கோயமுத்தூர்க் கோட்டையில் இருந்து போன எழுநூறு பேரில் சாமர்ஸ், நாஷ் என்று இரண்டு பெயர் நமக்குத் தெரியும், அவர்கள் அதிகாரிகள் என்பதால். திருவிதாங்கூர்க்காரர்கள் வீட்டில் யாருக்கும் ஒரு அட்டையும் போயிருக்காது.

கிளிநொச்சியில் 2017இல் இருந்து காணாமல் போனவர்களின் அம்மாக்கள் போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சரணடைந்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். அவர்களில் பலர் அந்தப் பதில் கிடைக்காமலேயே இறந்துபோய்விட்டார்கள்.